ஹெய்ன் தோற்றாரா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் இரவு விடுதியில் மின்சாரம் நின்றுவிட்டது. படிக்க வழியில்லை. வராந்தாவில் அமர்ந்து நண்பர் ஒருவரின் கைப்பேசியில் பழைய விளையாட்டுக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கபடி ஆடுபவன். ஆளைப் பிடிக்கும் ஆட்டம் எந்த நாட்டில் நடந்தாலும் அதில் எனக்கு ஒரு கண். அப்படித்தான் ஆஸ்திரேலிய ரக்பி லீக் வீரர் ஜாரிட் ஹெய்ன் அமெரிக்கக் கால்பந்து ஆடப் போன கதை பேச்சில் வந்தது. மூன்றாம் ஆண்டு பொருளியல் அண்ணன் ஒருவர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போனான், கையைச் சுட்டுக்கொண்டு திரும்பினான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படுத்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அன்று அவருக்குச் சொல்லாத பதிலை இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன். படித்துவிட்டு அவர் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

முதலில் ஆட்டங்களைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ரக்பி என்னும் பெயரில் இரண்டு ஆட்டங்கள் உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. 1895ஆம் ஆண்டு வட இங்கிலாந்தின் ரக்பி சங்கங்கள் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்தன. பிரிவுக்குக் காரணம் கூலி. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அந்த நேரத்துக் கூலி போயிற்று. அந்த இழப்பை ஈடு செய்யலாம் என்றன வடக்குச் சங்கங்கள். காசு வாங்கிக்கொண்டு ஆடுவது இழுக்கு என்றது தலைமைச் சங்கம். வசதியுள்ளவர்களுக்கு அப்படிச் சொல்வது எளிது அன்றோ! பிரிந்து சென்றவர்கள் வளர்த்ததே ரக்பி லீக். 1908இல் சிட்னியில் அதன் போட்டித் தொடர் தொடங்கியது. கொத்தனார் மகனாகிய எனக்கு இந்தப் பிறப்பு வரலாறு பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ரக்பி லீக்கில் அணிக்கு 13 பேர். ஆட்டம் 80 நிமிடம். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். ஆறு முறை பிடிபடுவதற்குள் எவ்வளவு தூரம் முன்னேற முடியுமோ அவ்வளவு முன்னேற வேண்டும். கபடியில் பாடிச் செல்பவனே அடுத்த நொடி பிடிப்பவனாகவும் நிற்கிறான் அல்லவா, அதுபோல இங்கும் தாக்குபவனும் காப்பவனும் ஒருவனே. அமெரிக்கக் கால்பந்தில் அணிக்கு 11 பேர், 60 நிமிடம், நான்கு முயற்சிகளில் 10 கெஜம் நகர வேண்டும். தாக்குவதற்கு ஒரு குழு, காப்பதற்கு வேறொரு குழு, பந்தை உதைக்கும் வேளைக்கு இன்னொரு குழு. தலைக்கவசமும் தோள்கவசமும் உண்டு. ஒவ்வோர் ஆட்டத் துண்டும் சில நொடிகளில் முடிந்துவிடும். பிறகு எல்லாரும் நின்று, அடுத்த திட்டத்தைக் கேட்டு, மறுபடி வரிசையில் நிற்பார்கள். இரண்டு ஆட்டங்களின் பந்தும் நீள்வட்டமாக இருப்பதைப் பார்த்து இவை அண்ணன் தம்பி என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஹெய்ன் 1988இல் பிறந்தவர். தந்தை பிஜித் தீவைச் சேர்ந்த ரக்பி லீக் ஆட்டக்காரர். சிட்னியின் தென்மேற்குப் புறநகராகிய மிண்டோவில், அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில், தாயின் வளர்ப்பில் வளர்ந்தார். 2006இல் 18 வயதில் பாரமட்டா ஈல்ஸ் அணியில் இறங்கி, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். 2009இல் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குரிய டாலி எம் பதக்கம். அந்த ஆண்டு அணியை இறுதி ஆட்டம் வரை இழுத்துச் சென்றார் என்றே சொல்ல வேண்டும். 2014இல் அதே பதக்கம் ஜொனாதன் தர்ஸ்டனோடு சேர்ந்து மறுமுறையும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகிய இரு மாநிலங்களுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் தொடரில் எட்டு ஆண்டுகள் விடாமல் குயின்ஸ்லாந்தே வென்றிருந்தது. அந்தச் சங்கிலியை நியூ சவுத் வேல்ஸ் அறுத்த ஆண்டும் 2014தான். அறுத்தவர்களில் முதல்வர் ஹெய்ன்.

அந்த 2014 அக்டோபரில்தான் அவர் எல்லாவற்றையும் விட்டு அமெரிக்கா போகிறேன் என்று அறிவித்தார். வயது 26. அதுவரை அமெரிக்கக் கால்பந்தில் ஒரே ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. 2015 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. பயிற்சி முகாமில் 90 பேர். தொடர் தொடங்கும்போது அதில் 53 பேரே இருப்பார்கள். மற்றவர்கள் பள்ளிப் பருவம் முதல், கல்லூரி வழியாக, இந்த ஓர் ஆட்டத்தையே உண்டு உறங்கி வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நடுவே சிட்னியின் நாயகன் 38ஆம் எண் சட்டையோடு கடைசி வரிசையில் போய் நின்றார்.

ஆகஸ்டில் ஹூஸ்டன் அணிக்கெதிரான முன்னோட்ட ஆட்டத்தில் பந்தைப் பெற்றுக்கொண்டு 53 கெஜம் ஓடினார். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. இடைவெளியைக் கண்ட கணத்தில் உடலைச் சற்றே சாய்த்து நழுவுகிறார். நம் ஊர்க் களத்தில் நல்ல பாடகன் மூலைக்காரனின் கைக்கு எட்டாமல் திரும்புவது போன்ற நழுவல். 90 பேர் 53 பேராகக் குறைந்தபோது அந்தப் பட்டியலில் ஹெய்னும் இருந்தார். என்னைக் கேட்டால், இந்த இடத்திலேயே அந்த அண்ணனுடைய தீர்ப்பு பாதி உடைந்துவிட்டது.

செப்டம்பர் 14ஆம் நாள் மின்னசோட்டா அணியுடன் முதல் தொடர் ஆட்டம். ஹெய்னுடைய முதல் வேலை, எதிரணி உயர உதைத்த பந்தைப் பிடிப்பது. பாரமட்டாவில் கடைக்காவலராக நின்று எத்தனையோ முறை செய்த வேலை. பந்து கையில் பட்டு விழுந்தது, எதிரணியினர் எடுத்துக்கொண்டார்கள். அவர் அணி 20-3 என்று எளிதாக வென்றுவிட்டது. ஆனாலும் சிட்னியில் பார்த்தவர்கள் கண்ணில் நின்றது நழுவிய அந்தப் பந்துதான். அக்டோபர் இறுதியில் முதன்மைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுப் பயிற்சிக் குழுவுக்கு இறக்கப்பட்டார். டிசம்பரில் மீண்டும் மேலே அழைக்கப்பட்டார். மொத்தம் எட்டு ஆட்டங்கள். பந்தை ஏந்தி 17 ஓட்டங்களில் 52 கெஜம். எறிந்த பந்தைப் பிடித்து ஆறு முறை 27 கெஜம். உதைத்த பந்தைத் திருப்பிக் கொணர்ந்து எட்டு முறை 76 கெஜம். இவ்வளவே அவருடைய அமெரிக்கக் கணக்கு.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சிரிப்பது எளிது. ஆனால் அவரைத் தடுத்தது எது என்று பார்க்க வேண்டாமா? வலிமைக் குறைவா? வேகக் குறைவா? இயற்பியல் மாணவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: கடல் கடந்ததால் ஒரு பொருளின் உந்தம் மாறிவிடுவதில்லை. சிட்னியில் அவருடைய நிறை எவ்வளவு, திசைவேகம் எவ்வளவு என்று அளந்தோமோ, கலிபோர்னியாவிலும் அவ்வளவே இருந்திருக்கும். தடை வேறிடத்தில் இருந்தது.

ரக்பி லீக்கில் பந்து கையில் இல்லாதவனைத் தடுத்தால் அது குற்றம், நடுவர் ஊதிவிடுவார். ஹெய்னுக்குச் சிறுவயது முதல் எலும்பில் ஏறிப்போன விதி இது. அமெரிக்க ஆட்டத்திலோ அவர் ஏற்ற ஓட்டக்காரர் இடத்தின் பாதி வேலையே, பந்தோடு தொடர்பில்லாத எதிரியைத் தடுப்பதுதான். பந்தை எறியும் தலைவர் பின்னே நிற்கிறார்; அவரை வீழ்த்த எதிரணியிலிருந்து எவன் பாய்ந்து வருகிறான் என்பதை ஒரு நொடியில் கண்டு, அவன் மீது மோதி நிறுத்த வேண்டும். எவன் வருவான் என்பது எதிரணி நிற்கும் நிலையைப் படித்தால்தான் தெரியும். அதற்கு ஒரு மொழி இருக்கிறது. திட்டப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எண்ணும் சொல்லும் கலந்த நீண்ட பெயர். பெயரைக் கேட்டதும் பதினொருவரில் தன் இடம் எது, தன் முதல் அடி எந்தப் பக்கம் என்பது நினைக்காமலே வர வேண்டும். நேற்றுவரை குற்றமாக இருந்தது இன்று கடமை! அதையும் மொழி தெரியாத ஊரில், ஓடிக்கொண்டே கற்க வேண்டும். பாரமட்டாவில் அவர் எல்லாருக்கும் பின்னால் நின்று முழுக் களத்தையும் பார்த்து, எங்கே எப்போது நுழையலாம் என்று தானே முடிவு செய்தவர். இங்கே நினைப்பதற்கு நேரமே கிடையாது. நினைப்பவன் தாமதமாகிவிடுவான்.

இங்கே என் சொந்தக் கதையைச் சிறிது சொல்ல அனுமதி வேண்டுகிறேன். மேல்நிலைப் பள்ளி வரை தமிழ் வழியில் படித்தவன் நான். எங்கள் பள்ளியில் இயற்பியலில் முதல் மதிப்பெண். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இங்கே முதல் பருவத்தின் முதல் அகத்தேர்வில் எனக்குக் கிடைத்தது 50க்கு 9. வினாத்தாளில் 'ஆங்குலர் மொமெண்டம்' என்று இருந்தது. அது என்ன புதுப் பொருளோ என்று அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வந்தேன். வெளியே வந்த பிறகுதான் அது எனக்கு நன்றாகத் தெரிந்த கோண உந்தம் என்று ஒருவன் சொன்னான். 'டார்க்' என்பது திருப்புவிசை என்பதும் அன்றுதான் தெரிந்தது. அந்த வாரம் ஊருக்குப் போனபோது டீக்கடையில் சித்தப்பா கேட்டார்: "என்னடா, அங்கே போய் முழிக்கிறியாமே?" யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். அது இன்னும் கடினமாக இருந்தது. எனவே ஹெய்ன் கையிலிருந்து பந்து நழுவிய காட்சியைப் பார்த்து என்னால் சிரிக்க முடியாது.

என்றாலும் ஹெய்ன் மீது எனக்கு ஒரு குறை உண்டு; அதை மறைத்தால் இது வெறும் புகழ்மாலையாகிவிடும். 2015 ஆட்டக்காலம் முடிந்ததும், 5 வெற்றி, 11 தோல்வி என்று கணக்கு வந்ததால், அவரை நம்பி எடுத்த தலைமைப் பயிற்சியாளர் ஜிம் டாம்சுலா நீக்கப்பட்டார். புதிய பயிற்சியாளர் வந்தார். 2016 மே மாதம் ஹெய்ன் அமெரிக்கக் கால்பந்தை விட்டுவிட்டு, ரியோ ஒலிம்பிக்கில் பிஜி நாட்டுக்காக எழுவர் ரக்பி ஆடப் போவதாக அறிவித்தார். அதுவும் அவருக்குப் புதிய ஆட்டமே. பிஜி ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பிஜி தங்கம் வென்றது. பிறகு அவர் ரக்பி லீக்குக்கே திரும்பி கோல்டு கோஸ்ட் அணியில் சேர்ந்தார். ஓராண்டு மட்டுமே இருந்துவிட்டு, மொழி பிடிபடத் தொடங்கிய நேரத்தில் வகுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டார் என்பதே என் குறை. ஆனால் இதையும் யோசிக்க வேண்டும்: அவரை எடுத்தவர் போய்விட்டார், வயது 28, ஓட்டக்காரர் இடத்தில் கால்களின் ஆயுள் குறைவு, அவர் ஓர் அடி தவறாக வைத்தாலும் அதை ஆஸ்திரேலியா முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. புகழோடு போனவனுக்கு மறைவாகத் தவறு செய்யும் வசதி கிடையாது. தெருவில் முதலாவதாகக் கல்லூரிக்குப் போனவனுக்கும் கிடையாது.

அந்த வசதி கிடைத்த ஒருவரின் கதையைச் சொன்னால் என் வாதம் விளங்கும். ஜோர்டன் மைலாட்டா, 1997இல் சிட்னியில் சமோவாப் பெற்றோருக்குப் பிறந்தவர். உயரம் ஆறடி எட்டங்குலம். எடை 150 கிலோவுக்கு மேல். இளமையில் இதயத் துடிப்புக் கோளாறுக்கு அறுவை செய்துகொண்டவர். சவுத் சிட்னி அணியின் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ரக்பி லீக் ஆடினார். பெயர் பெற்றவர் அல்லர். 2017 முதல் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துச் சங்கம் வெளிநாட்டு வீரர்களுக்கென ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்திவருகிறது. ஹெய்ன் போன காலத்தில் அப்படி ஒரு படிக்கட்டே இல்லை. 2018இல் அந்தத் திட்டத்தில் புளோரிடாவில் பயிற்சி பெற்ற மைலாட்டாவை, வீரர் தேர்வின் ஏழாவது சுற்றில், 256 பேரில் 233ஆவதாக, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி எடுத்தது. அவரும் அதுவரை ஒரே ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டமும் ஆடியதில்லை.

இனி நடந்ததைக் கவனியுங்கள். 2018இல் ஒரு தொடர் ஆட்டத்திலும் அவர் இறங்கவில்லை. 2019இலும் இல்லை. முதுகில் காயம் வேறு. ஆண்டுக்கணக்கில் அவர் செய்ததெல்லாம், தாக்குவரிசைப் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டௌட்லண்டிடம் நிற்கவும் கை வைக்கவும் அடி எடுக்கவும் கற்றதுதான். பந்து எறிபவரை இடப்பக்கத்திலிருந்து காக்கும் தூணாக நிற்பது அவர் வேலை. பந்தை ஏந்தி ஓடிப் பழகிய மனிதர் இனிப் பந்தைத் தொடவே மாட்டார்! 2020இல்தான் களம் கண்டார். 2021இல், முதல் சுற்றிலேயே தேர்வான இன்னொரு வீரரைப் பின்தள்ளி அந்த இடம் அவருடையதாயிற்று. அதே செப்டம்பரில் நான்கு ஆண்டுகளுக்கு 6 கோடியே 40 இலட்சம் டாலர் ஒப்பந்தம். 2025 பிப்ரவரி 9ஆம் நாள் ஈகிள்ஸ் அணி கான்சஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்திச் சூப்பர் பௌல் வென்றபோது மைலாட்டா அந்த வரிசையில் நின்றார்.

2015இல் ஹெய்னை ஓராண்டில் அளந்த அதே கோலால் மைலாட்டாவை 2019 இறுதியில் அளந்திருந்தால் அவருக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்? சுழி. எட்டு ஆட்டம் ஆடிய ஹெய்ன் அவரைவிட எவ்வளவோ மேல்!

அண்ணன் இதற்கு மறுப்புச் சொல்வார் என்று தெரியும். மைலாட்டாவின் உடல் ஆயிரத்தில் ஒன்று. அவருக்கு வயது 21. வரிசையில் நின்று தடுப்பதும் பந்தோடு ஓடுவதும் ஒன்றல்ல என்பார். ஒப்புக்கொள்கிறேன். அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் எல்லாரும் வென்றுவிடவும் இல்லை. ரக்பி லீக்கில் பெயர் பெற்ற வாலன்டைன் ஹோம்ஸ் 2019இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் பயிற்சிக் குழுவில் இருந்துவிட்டு, 2020இல் நார்த் குயின்ஸ்லாந்து அணிக்கு ஆடத் திரும்பிவிட்டார். காலமும் ஆசிரியரும் கிடைத்தால் எவரும் வெல்வர் என்று நான் சொல்லவரவில்லை. அவை கிடைக்காதவனை வைத்து 'இவனால் முடியாது' என்று முடிவு கட்டக் கூடாது என்கிறேன். 2024 முதல் அமெரிக்காவின் 32 அணிகளும் பயிற்சிக் குழுவில் வெளிநாட்டு வீரர் ஒருவருக்கென்று கூடுதலாக ஓரிடம் வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. அந்த இடம் வேறொருவருடைய இடத்தைப் பறிப்பதில்லை. தொழில்முறை ஆட்டம் என்பது காசு கணக்குப் பார்க்கும் இடம். அங்கேயே, புதியவனுக்குக் கற்கக் காலம் வேண்டும் என்று கண்டுகொண்டார்கள்.

இன்னொரு செய்தி, எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு வீரரும் தம் பெயரையும், தாம் படித்த கல்லூரியின் பெயரையும் தாமே சொல்வது வழக்கம். பெரிய பெரிய பல்கலைக்கழகங்களின் பெயர்கள் வரும். மைலாட்டா எந்த அமெரிக்கக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். அவர் முறை வந்தபோது தம் பெயரைச் சொல்லிவிட்டு, "ஜெஃப் ஸ்டௌட்லண்ட் பல்கலைக்கழகம்" என்றார்! அப்படி ஒரு பல்கலைக்கழகம் வரைபடத்தில் கிடையாது. தமக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளரின் பெயரையே அவர் கல்லூரியாக்கிவிட்டார்.

அந்த 50க்கு 9க்குப் பிறகு எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் என்னை அழைத்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், எனவே சொல்லவில்லை. இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் ஆங்கிலச்சொல், கீழே அதற்கு ஒரு கணக்கு. மாலை நான்கு மணிக்குமேல் ஆய்வுக்கூடத்தில் அதை அவரிடம் காட்ட வேண்டும். ஐந்து மாதம் காட்டினேன். முதல் பருவத்தில் ஒரு தாள் போய்விட்டது. இரண்டாம் பருவத்தில் அதையும் சேர்த்து எழுதித் தேறினேன். இப்போது அந்த நோட்டு மூன்றாகிவிட்டது. முதலாண்டில் தமிழ் வழியில் வந்த தம்பி தங்கைகள் பதினொரு பேர் அதைப் படி எடுத்துவைத்திருக்கிறார்கள். வேதியியல் பிரிவுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. வேதியியல் நண்பர்கள் யாரேனும் தொடங்கினால் நன்று. செவ்வாயும் வியாழனும் மாலை நான்கு மணிக்கு ஆய்வுக்கூடத்தின் கடைசிப் பெஞ்சில் நான் இருப்பேன். பொருளியல் அண்ணனும் வரலாம். அவரிடம் காட்ட ஹெய்னுடைய அந்த 53 கெஜ ஓட்டத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன்.